இருபதுக்குக் கீழே

பதினேழு என்று காட்டியது. சற்று முன்னால் பார்த்தபோதும் பதினேழுதான். ஆனால் பார்ப்பதே ஒரு செலவு, திரை ஒளிர்ந்து அணைவதற்குள் உள்ளே ஏதோ ஒரு சொட்டு ஒழுகியிருக்கும், அது இன்னும் எண்ணில் ஏறவில்லை, அவ்வளவுதான். முத்துமாரி போனைக் குப்புறக் கவிழ்த்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, இடது கையால் வெண்டைக்காயை நறுக்கப் பார்த்தாள். கத்தி வழுக்கியது. வலது கைச் சுட்டுவிரலில் கட்டு. உள்ளே தகரப் பட்டை வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். சாயந்திரம் வருகிறவருக்கு வெண்டைக்காய்ப் பொரியல், அது ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு யோசனை, அதற்குள் போன் பதினாறு ஆகியிருக்குமோ என்று இன்னொரு யோசனை. திருப்பிப் பார்க்கக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே ஜல்லி லாரிகள் ஒரகடம் ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொன்று போகும்போதும் மூன்றாவது மாடியில் தம்ளர்கள் லேசாக உரசிக்கொண்டன. எதிர் வீடு இன்னும் விற்கவில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. கீழே கம்பெனிப் பையன்கள், ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். மூணு மணி டீக்கு அவர் கூப்பிடுவார், வீடியோவில்தான் கூப்பிடுவார், வீடியோ என்றால் சார்ஜ் நாலு போகும், சில நாள் ஐந்து. அதை எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சத்தில்தான் சாத்தூரில் இருக்கிற அக்காவிடம் பேச முடியும். மிச்சம் என்று சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை, ஏனென்றால் இந்தப் போன் ஒன்பதுக்கு வந்தால் எட்டு, ஏழு என்று இறங்குவதில்லை, ஒரேயடியாக அணைந்துவிடும். அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால், என்கிட்ட இருந்தப்ப மூணு வருஷம் இது குழந்தை மாதிரி இருந்துச்சு, உன் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகல, கொன்னுட்ட என்பார். கொன்னுட்ட என்று அவர் சொல்லும்போது குரல் உயராது. அவர் குரல் எதற்கும் உயராது.

பெண் பார்க்க வந்த அன்றே தினகரன் இதைத்தான் பேசினார். கேசரித் தட்டைத் தொடாமல், சுவரில் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் போனைப் பார்த்து, "நூறு ஆயிடுச்சுங்க, எடுத்திடுங்க. நிறைஞ்ச பிறகும் விட்டா அதுக்கு மூச்சு முட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கூட்டருக்குப் பேட்டரி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை என்று தரகர் சொல்லியிருந்ததால் அது தொழில் பக்தியாகத்தான் தெரிந்தது. "லித்தியம் மனுஷன் மாதிரிங்க. வயிறு முட்டவும் திங்கக்கூடாது, பட்டினியும் கிடக்கக்கூடாது. இருபதுக்குக் கீழ விடக்கூடாது, எண்பதுக்கு மேல ஏத்தக்கூடாது. அப்படி வெச்சுக்கிட்டா காலத்துக்கும் உழைக்கும்." அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாரிக்கு அது பிடித்திருந்தது. ஒரு போனையே இவ்வளவு பதனமாக வைத்துக்கொள்கிறவர் என்று நினைத்தாள், அதற்கு மேல் வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருந்தது. அவளும் கெமிஸ்ட்ரி படித்தவள்தான், அவர் சொன்னது அத்தனையும் சரி என்று அவளுக்கே தெரியும். அதுதான் கஷ்டம். இன்று வரைக்கும் அவர் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால் கெடும், சரி. தலையணைக்கு அடியில் வைத்தால் சூடேறும், சரி. கண்ட சார்ஜரையும் சொருகினால் ஆபத்து, சரி. சார்ஜில் கிடக்கும்போது பேசாதே, சரி. சரி, சரி என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பார்த்தால் இந்த அடுக்களையில் நிற்கிறாள். எந்தப் படியில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்? முதல் படியிலா? முதல் படியில் என்ன தப்பு இருந்தது? அவர் தன்னுடைய பழைய போனைத் துடைத்து, புது உறை போட்டு, "இதை நான் வெச்சிருந்த மாதிரி வெச்சுக்கணும்" என்று கொடுத்தாரே, அப்போதா? அப்போது அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் போனைக் கேட்பார். பேசியவர்கள் பட்டியலைப் பார்க்கமாட்டார், மெசேஜைத் திறக்கமாட்டார், அதெல்லாம் நாகரிகமில்லை என்று அவரே சொல்வார். பேட்டரி பக்கத்தைத்தான் திறப்பார். எது எவ்வளவு தின்றது என்று அதில் கோடு கோடாக இருக்கும். ஸ்கேன் படத்தைப் பார்க்கிற டாக்டர்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். "இன்னைக்குப் பேச்சுல மட்டும் இருபத்திரண்டு போயிருக்கு." "அக்காகிட்டதான் பேசினேன்." "அக்காகிட்ட இருபத்திரண்டா?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். "அப்படி என்ன சொன்ன?" என்ன சொன்னாள்? அக்கா புதுத் தையல் மிஷின் வாங்கியதைச் சொன்னாள், இவள் இங்கே தண்ணீர் உப்பு என்று சொன்னாள். "உப்புத் தண்ணிக்கு இருபத்திரண்டா" என்று மறுபடி சிரித்தார். மறுநாள் எண்பது வரை ஏற்றவில்லை, அறுபதில் எடுத்துவிட்டார். "நாள் முழுக்க வீட்டுலதான இருக்க, எண்பது எதுக்கு." பிறகு நாற்பது. பிறகு சார்ஜரும் ஒயரும் அவருடைய சாப்பாட்டுப் பையில், தயிர் சாத டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், கம்பெனிக்குப் போக ஆரம்பித்தன. அவளும் பழகிக்கொண்டாள். திரை வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் இறக்கி வைத்தாள், பகலில் ஜன்னலருகே கொண்டு போனால் ஒன்றும் தெரியாது, போர்வைக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். பாட்டுக் கேட்பதை விட்டாள். அக்காவிடம் பேச்சைச் சுருக்கினாள், நல்லா இருக்கேன், நல்லா இருக்காரு, வைக்கவா. அக்காவுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு வார்த்தைல வச்சிர்ற. பெரிய எடத்துல வாக்கப்பட்டதும் நாங்க சலிச்சுப் போயிட்டோமா?" இல்லக்கா என்று சொல்வதற்குள் எவ்வளவு குறையும் என்று பயந்து, வேலை இருக்குக்கா என்று வைத்தாள். அப்படி வைத்தவளைத்தான் இப்போது கூப்பிட வேண்டும்.

கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மொசைக் குளிர்ச்சியாக இருந்தது. விரல் துடித்தது, இதயம் அங்கே இடம் மாறி வந்துவிட்டதுபோல. பரணில் அவருடைய காலேஜ் பையில்தான் அந்தப் பழைய சார்ஜர் கிடைத்தது. கறுப்பு, ஒயர் ஒரு இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. நாலைந்து நாள் மத்தியானத்தில் மட்டும் சொருகினாள், கொஞ்சம் ஏற்றி, பிறகு அதே அளவு குறையும்வரை டார்ச் லைட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள், சாயந்திரம் எண் சரியாக இருக்க வேண்டுமே. தண்ணீர் கலந்த பாலை மறுபடி காய்ச்சிக் குறுக்குகிற மாதிரி. ஒரு நாள் டார்ச்சைப் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனவள், வெயிலில் நின்றுவிட்டாள், வெயில் சும்மா இதமாக இருந்தது, அதனால்தான் நின்றாள், வரும்போது டார்ச் தானாக அணைந்திருந்தது, மறுபடி இறக்க நேரம் இருக்கவில்லை. சாயந்திரம் அவர் கையில் போன் அறுபத்தொன்று காட்டியது. அவர் காலையில் விட்டதே நாற்பது. அவர் கோபப்படவில்லை. பரணில் ஏறிச் சார்ஜரை எடுத்து வந்தார், அவர் எப்படி நேராக அங்கே போனார் என்று இன்னும் புரியவில்லை. வெட்டுக்குறடால் ஒயரைச் சின்னச் சின்னத் துண்டாக, பீன்ஸ் நறுக்குவதுபோல, நறுக்கிச் சாப்பாட்டு மேஜையில் குவித்தார். பிறகு, "எந்த விரலால சொருகின?" என்று கேட்டார். அவள் வேடிக்கை என்று நினைத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள், லேசாகச் சிரித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல எழுப்புகிற விரலை நீட்டினாள். அவர் அதைப் பிடித்தார். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் என்று சொல்வார்கள், அப்படியெல்லாம் இல்லை, சத்தமே இல்லை, அல்லது அவளுடைய சத்தத்தில் அது கேட்கவில்லை. அவரே பைக்கில் உட்கார வைத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். "பாத்ரூம்ல வழுக்கிட்டா சார்" என்று அவர் சொன்னார், டாக்டர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து தயிர் சாதம் பிசைந்து அவரே ஊட்டினார். ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு. அவளும் வாயைத் திறந்தாள். வாயை ஏன் திறந்தோம்? பசித்தது. அவ்வளவுதான், பசித்தது.

அக்காவிடம் என்னவென்று சொல்வது? நீளமாகச் சொல்ல முடியாது. மூணு நிமிஷம் இருந்தால் பெரிது, அதில் பாதி அக்காவே பேசிவிடுவாள். ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், கேட்டதும் எழுந்து வருகிற மாதிரி. அக்கா, அவர் சார்ஜரைக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயிடறாரு. சீ. அக்கா சிரிப்பாள், என் வீட்டுக்காரரு டிவி ரிமோட்டையே மடியில கட்டிக்கிட்டுத் தூங்குறாருடி என்பாள். அக்கா, என்னை யார்கிட்டயும் பேசவிட மாட்டேங்கறாரு. இப்ப எங்கிட்டப் பேசிட்டுத்தானே இருக்க. அக்கா, அவரைப் பார்த்தா பயமா இருக்கு. ஏன், குடிக்கிறாகளா? பொங்கலுக்குப் போனபோது அம்மாவிடம் கொஞ்சம் ஆரம்பித்துப் பார்த்தாள், அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே வரிசையாகக் கேட்டு, இவள் சொன்ன பதிலையும் தானே திருப்பிச் சொன்னாள், "குடிக்கிறாகளா? இல்ல. அடிக்கிறாகளா? இல்ல. வேற சகவாசமா? இல்ல. சம்பளத்த வீட்டுக்குக் கொண்டாறாகளா? ஆமா. அப்பறம் ஒனக்கு என்னதாண்டி?" அப்போது அடித்ததில்லை. அதனால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நடந்தது ஒவ்வொன்றையும் வார்த்தையில் எடுத்தால் ஒன்றுமில்லாததாகிவிடுகிறது, கையில் அள்ளிய தண்ணீர் மாதிரி, அங்கே முழங்கால் வரைக்கும் நின்ற தண்ணீர்தான், கையில் வரும்போது நாலு சொட்டு. விரலைச் சொன்னால்? விரலைச் சொன்னால் நம்புவார்கள். ஆனால் விரலைச் சொல்லும்போது ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் பழைய சார்ஜரைத் திருட்டுத்தனமாக எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், திருட்டுத்தனமா ஏன் எடுத்த என்பார்கள். தப்பு எங்கேயோ சுற்றி அவளிடமே வந்து நின்றது. வந்து நின்றதும் அவளுக்கே அது ஓரளவு நியாயமாகத் தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது.

போனைத் திருப்பினாள். பதினாறு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்து வீடியோவில் அவர் வழக்கம்போலவே பேசினார். "சாப்பிட்டியா? தட்டக் காட்டு. அடுப்பு அணைச்சிருக்கா, காட்டு. அப்படியே ரூம் பக்கம் திருப்பு." அவள் திருப்பினாள். கட்டில், பீரோ, சாத்திய ஜன்னல். "குட்" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது, நல்ல மனிதர்கள் இருக்கிற இடம் அது, அவரும் அங்கே நல்ல மனிதர். வழக்கமாக நாற்பது இருக்கும் போனை இன்று இருபத்தாறில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்தாரா? அவர் மறப்பவரா? இருபதுக்குக் கீழே போனால் கெட்டுவிடும் என்று சொல்கிறவர், போகும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார் என்றால் இந்தப் போன் இனி உழைக்க வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாரா? அல்லது அவளா? காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், "சாயந்திரம் பேசிக்கலாம்" என்றார். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், ஒண்ணுமில்ல, சும்மா என்பார், அதற்குப் பிறகு பகல் இன்னும் மோசமாகியிருக்கும். எதைக் கண்டுபிடித்தார்? நேற்று மாடிப்படியில் கீழ்வீட்டுப் பையனிடம் டைம் கேட்டதையா? அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். குளிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் குளிக்கிறார் என்று அர்த்தமா? குழாயைத் திறந்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டும் இருக்கலாம். எந்த விரலால என்று கேட்ட அதே குரலில்தான் சாயந்திரம் பேசிக்கலாம் என்றார். ஒன்பது விரல் மிச்சம் இருக்கிறது. சீ, என்ன நினைப்பு. ஆனால் நினைத்தாயிற்று, நினைத்ததும் அவளுடைய ஒன்பது விரல்களும் தாமாக மடங்கிக்கொண்டன.

மடங்கிய கையால்தான், இடது கட்டைவிரலின் கணுவால், அக்காவின் பெயரை அழுத்தினாள். வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, தையல் மிஷின் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காது, எடுக்காவிட்டால் நல்லதுதான் என்றுகூட ஒரு ஓரத்தில் தோன்றியது. "மாரி?" என்றாள் அக்கா. மிஷின் நின்றது. "ஏண்டி, நீ எப்படிக் கூப்பிடுற? உன் கைல போன் குடுக்கக்கூடாதுன்னுல்ல சொன்னாக?" யார் சொன்னது என்று மாரி கேட்டாள், தெரிந்துகொண்டே கேட்டாள். "மாப்பிள்ளைதான். நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் பேசுனாக. பாவம், அழுதே போட்டாக. பகலெல்லாம் போனும் கையுமா ஒரு மாதிரியா இருக்கியாமே, விளக்கப் போட்டு விட்டுட்டு வெயில்ல போயி நிக்கிறியாமே. கேட்டா சிரிக்கிறியாமே. பாத்ரூம்ல வேற விழுந்து விரல ஒடிச்சுக்கிட்டியாமே. டாக்டர்கிட்ட காட்டணும், அதுவரைக்கும் போனத் தர வேணாம்னு இருக்கேன், நீங்க தப்பா எடுத்துக்காதீகன்னு சொன்னாக. நானும் அம்மாவும் ஞாயித்துக்கிழமை வாரோம்டி. நீ ஒண்ணும் கவலப்படாத."  டார்ச் விளக்கைப் போட்டுவிட்டு வெயிலில் நின்றது உண்மை, அன்று அவர் கேட்டபோது அவளே சொன்னது. சிரித்ததும் உண்மை. இதிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. விரல் ஒன்றைத் தவிர. அவள் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், ஒரு மணி நேரம், நிதானமாக, எண்பது வரை ஏற்றிய போனிலிருந்து. காதில் டிக் டிக் என்று இன்னொரு அழைப்பு விழுந்தது. எடுத்துப் பார்த்தாள், அவர் பெயர், மூணு மணி ஆகவில்லை, சீக்கிரமே கூப்பிடுகிறார், வேறு அழைப்பில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. பத்து என்று சிவப்பில் எரிந்தது. "மாரி, லைன்ல இருக்கியா?" "அக்கா, நான் விழல. அவருதான் ஒடிச்சாரு." "என்னத்தச் சொல்ற?" "விரல. எந்த விரல்னு கேட்டுட்டு ஒடிச்சாருக்கா." அந்தப் பக்கம் மூச்சு கேட்டதா, ஒன்றும் கேட்கவில்லையா, காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் அடுக்களை ஜன்னல்.

எது வரைக்கும் போய்ச் சேர்ந்தது? நான் விழல என்பது வரையா, ஒடிச்சாரு என்பது போனதா? பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அதிர்ந்தது, காலியான பேட்டரி படம் ஒன்று வந்து மறைந்தது. மறுபடி அழுத்தினாள், அதுவும் வரவில்லை. அணைந்த போனைக் காதில் வைத்து, "சார்ஜர எடுத்துட்டுப் போயிடறாருக்கா" என்று சொன்னாள், இனி குறைய எதுவும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். "பேட்டரிக் கோட்டப் பார்த்து என்ன பேசினன்னு கேப்பாருக்கா. தட்டக் காட்டச் சொல்லுவாரு. நான் ரெண்டு வார்த்தைல வெச்சது உன்மேல சலிப்புல இல்ல." காலி வீட்டில் தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மூலையில் ஒட்டியிருந்த பல்லி ஓடியது. கேட்கக் கேட்க அது பைத்தியத்தின் பேச்சாக இல்லை, சார்ஜர் என்பதுகூடச் சிரிப்பாக இல்லை. ஒரு பெண் தன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான். அவள் போனைத் தரையில் வைத்தாள். கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் பைக்கில் கால் மணி நேரம். கதவு பூட்டவில்லை, அது என்றைக்குமே பூட்டியதில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. செருப்பைத் தேடினாள், ஒன்று கிடைத்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போயிருந்தது, குனிந்து எடுக்கும்போது கட்டு போட்ட விரல் கட்டில் காலில் இடித்துக் கண் இருண்டது. அந்த இருட்டில் ஒரு கணம், படுத்துவிடலாமா என்று தோன்றியது. வெண்டைக்காயை நறுக்கி முடித்துவிட்டுப் படுத்துவிடலாம். போன் அணைஞ்சிடுச்சுங்க என்றால் சரி என்பார். சரி என்றுதான் சொல்வார். மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை இடது கையால் பிடித்துக்கொண்டாள், ஒவ்வொரு தளத்திலும் யாராவது வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள், யாரும் வரவில்லை.

மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் இரண்டாம் ஷிப்ட் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். நிழல் இருந்த இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஒல்லியான ஒருத்தி கழுத்து அட்டையில் சத்தியபாமா என்றிருந்தது. அவளிடம் போய், "ஒரு போன் பண்ணணும்மா" என்றாள். அந்தப் பெண் அவள் கையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், "நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள். அக்காவின் நம்பர் வீட்டுக்கு முதல்முதலாக வந்த நம்பர், கேஸுக்கும் ரேஷனுக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள், அது வாயிலேயே இருந்தது. "பிஸின்னு வருதுக்கா." யாரிடம் பேசுகிறாள்? அம்மாவிடமா? அணைந்து கிடக்கிற அந்தப் போனுக்கா? அதற்குப் போட்டால் பிஸி என்று வராதே. "இன்னொரு தடவை போடும்மா." இந்த முறை எடுத்தாள். "யாரு?" "நான்தான்கா." "மாரி! எங்கடி இருக்க? எனக்கு நெஞ்சே அடச்சுப் போச்சு. ஒனக்குப் போட்டா அணைஞ்சு கெடக்கு, அதான் மாப்பிள்ளைக்குப் போட்டுக் கேட்டுட்டேன், நீங்களா விரல ஒடிச்சீகன்னு நேராக் கேட்டுட்டேன்." "அவருகிட்டயா கேட்ட?" "வேற யார்கிட்டக் கேக்க? பதறிப்போயிட்டாக. இந்தா கெளம்பிட்டேன், போயி அவளப் பாத்துக்கிடறேன்னு சொன்னாக. நீ வீட்டுலயே இரு. எங்கயும் போயிராத, புள்ள. அவுக வந்து..." மாரி போனைச் சத்தியபாமாவிடம் நீட்டினாள். அக்காவின் குரல் அதற்குள்ளிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது, எறும்பு பேசுவதுபோல. அக்காமேல் கோபம் வரவில்லை. சாத்தூரில், மிஷினுக்கு முன்னால், கையில் நூலோடு, அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் உண்மையைத் தேடிப் போயிருக்கிறாள்.

கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் வந்தது. முகப்பில் ரோஸ் கலர், பெண்களுக்குச் சீட்டு வாங்கக் காசு வேண்டாம். எங்கே போகிற பஸ் என்று படிக்கவில்லை. படியில் கால் வைத்தபோது சத்தியபாமா பின்னாலிருந்து, "அக்கா, இந்த நம்பர்ல இருந்து திருப்பிக் கூப்பிட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். என்ன சொல்வது? கையில் இருந்த வாக்கியங்களையெல்லாம் அணைந்த போனில் பேசித் தீர்த்திருந்தாள். "எனக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு" என்றாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரச் சீட் காலியாக இருந்தது, அதில் உட்காராமல் உள்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் எதிர்த்திசையில் அவர் வந்தார். அவருடைய வெள்ளை ஹெல்மெட், முதுகில் சாப்பாட்டுப் பை. வேகமாக வரவில்லை, அவர் எப்போதும் எஞ்சினுக்கு நல்ல வேகத்தில்தான் ஓட்டுவார். பஸ்ஸை அவர் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள் திரும்பி, பின் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். லாரி ஒன்று போகட்டும் என்று நின்று, இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார். "எங்கம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். "இது எதுவரைக்கும் போகும்?" "தாம்பரம்." "தாம்பரம்" என்றாள். தாம்பரத்தில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும், பெண்களுக்கென்று தனியாகவும் இருக்கும், யாரிடமாவது கேட்டால் காட்டுவார்கள். அங்கே உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். அவர்களும் முதலில் அவரைத்தான் போனில் கூப்பிடுவார்களோ? கூப்பிட்டால் அவர் வருவார், கைகட்டி நின்று ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையாகப் பதில் சொல்வார், அவர்களுக்கு டீகூட வாங்கிக் கொடுப்பார். தாம்பரத்துக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நிற்கும்போதெல்லாம் அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.